முதல் குழந்தை சிசேரியன்: இரண்டாவதற்குச் சுகப்பிரசவம் முயலலாமா?

கார்காலம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 35 வாரம் முடிந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது. அப்போது 41 வாரம் ஆகியும் வலி வராததால் மருந்து வைத்தார்கள். 16 மணி நேரம் கழித்தும் கருப்பை வாய் 4 செ.மீ.க்கு மேல் திறக்கவில்லை. அதற்குள் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி, என்ன ஏது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

இப்போதைய மருத்துவர், "முயன்றும் பார்க்கலாம், நாள் குறித்தும் செய்துகொள்ளலாம், யோசித்து அடுத்த முறை சொல்லுங்கள்" என்கிறார். விருப்பம் என் கையில் என்று சொல்லும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், எதை வைத்து முடிவு செய்வது என்றே தெரியவில்லை. கணவர் எதற்கும் சம்மதம் என்கிறார். வீட்டில் பெரியவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இந்த நிலையைக் கடந்து வந்தவர்களும் இத்துறையில் இருப்பவர்களும் உங்கள் அறிவுக்கு எட்டியதைச் சொல்லுங்கள்.

மணல்வீடு

சகோதரி, எனக்கு இரண்டுமே சிசேரியன். இரண்டாவதை நாள் குறித்துச் செய்துகொண்டேன். முதல் முறை இரவெல்லாம் வலியில் துடித்துவிட்டு அதன்பின் அறுவைக்குப் போனதற்கும், இரண்டாம் முறை காலையில் குளித்து, தலை பின்னி, நடந்தே அரங்குக்குள் போனதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தழும்பு பிரிந்துவிடக்கூடும் என்ற பயத்தோடு வலியைத் தாங்க என்னால் முடியாது என்று தோன்றியது. அந்த முடிவுக்காக இன்றுவரை வருந்தியதில்லை.

ஈரக்காற்று

நான் மறுபக்கம். முதல் குழந்தை தலை கீழே திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்ததால் சிசேரியன், இரண்டாவது சுகப்பிரசவம். வலி தொடங்கி ஒன்பது மணி நேரத்தில் பிறந்துவிட்டாள். அன்று மாலையே எழுந்து நடந்தேன். மூத்தவனை மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. என் முதல் சிசேரியனுக்கான காரணம் இரண்டாவதில் இல்லை. உங்கள் காரணம் என்ன என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்கோடு (மகப்பேறு மருத்துவர்)

உங்களை நேரில் பரிசோதிக்காத ஒருவர் எழுதுவது இது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள், கார்காலம்.

நீங்கள் சுகப்பிரசவத்தையும் சிசேரியனையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஆனால் 35ஆம் வாரத்தில் ஒருவர் பிரசவத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, திட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார். ஒரு திட்டம், 39 வாரம் முடிந்தபின் நாள் குறித்து அறுவை செய்வது. மற்றது, வலி தானாக வரக் காத்திருந்து முயல்வது. இந்த இரண்டாவது திட்டம் சுகமாகவும் முடியலாம், ஆயுதம் போட்டும் முடியலாம், வலியின் நடுவே அவசர அறுவையிலும் முடியலாம். தாய்க்கு வரும் சிக்கல்களைப் பொறுத்தவரை, முயன்று சுகமாகப் பிறப்பதில்தான் அவை மிகக் குறைவு. முயன்று பலிக்காமல் அவசர அறுவைக்குப் போவதில் மிக அதிகம். நாள் குறித்த அறுவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே கேள்வி முழுவதும், உங்கள் முயற்சி பலிக்க வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சுற்றியே வருகிறது.

ஒரு சிசேரியனுக்குப் பின் முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. அதற்கு முன்னோ பின்னோ ஒருமுறையாவது சுகப்பிரசவம் ஆகியிருந்தால் அது 85 முதல் 90 வரை போகும். முதல் அறுவைக்கான காரணத்தைப் பொறுத்தும் இது மாறும். குழந்தை கிடந்த நிலைதான் காரணம் என்றால் சுமார் 84, இதயத்துடிப்பு என்றால் சுமார் 73, பிரசவம் முன்னேறவில்லை என்றால் சுமார் 64. ஈரக்காற்று சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார்.

எல்லோரும் அஞ்சுவது பழைய தழும்பு பிரிவதை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டப்பட்டிருந்து, வலியும் தானாகவே வந்தால், அது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நேர்கிறது. மருந்து கொடுத்து வலியை வரவழைத்தாலோ கூட்டினாலோ இரண்டு மூன்று மடங்காகும். கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் அபாயம் பன்மடங்கு என்பதால் முயலவே சொல்லமாட்டோம். இங்கே பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வயிற்றுத் தோலில் தெரியும் கோடு குறுக்காக இருப்பதாலேயே உள்ளே கருப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தோலில் ஒரு விதமாகவும் உள்ளே வேறு விதமாகவும் வெட்ட நேர்வதுண்டு, முக்கியமாகக் குறைமாதப் பிரசவங்களில்.

"ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் வாய்மொழி அன்று. 1916இல் எட்வின் கிராகின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய வாக்கியம் அது. அந்தக் காலத்தில் கருப்பையை நெடுக்காக வெட்டுவதே வழக்கம். இன்னொன்று, அவர் அதை எழுதியது முதல் சிசேரியனை எளிதாகச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான். வெட்டும் முறை மாறியும் வாக்கியம் மட்டும் நூறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் முதல் அறுவையின் குறிப்பு கையில் இருக்கிறதா?

கார்காலம்

மிக்க நன்றி, மருத்துவர் அவர்களே. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் இருக்கிறது. அதில் "அவசர சிசேரியன், தாயும் சேயும் நலம்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எந்த வெட்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த மருத்துவமனைக்கு எழுதிக் கேட்கிறேன்.

மணல்வீடு

200 பேரில் ஒருவர் என்று படிக்கும்போது சிறிதாகத்தான் தெரிகிறது. அந்த ஒருவர் நாமாக இருந்துவிட்டால்? என் கேள்வி அவ்வளவுதான்.

வெண்கோடு

நியாயமான கேள்வி. தழும்பு பிரிந்தவுடன் குழந்தையை உடனே வெளியே எடுக்க அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் இரத்தமும் தயாராக இருக்கும் இடமாக இருந்தால், பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகின்றன. முயற்சியின்போது பிரசவத்தால் குழந்தை இறக்கும் அபாயம் 10,000இல் சுமார் 4. முதல் பிரசவத்தில் வலியோடு வரும் எந்தப் பெண்ணுக்கும் உள்ள அளவுதான் இது. ஆனால் அந்த ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் முயலவே கூடாது. இரவு இரண்டு மணிக்கு அரங்கைத் திறக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதை உங்கள் மருத்துவமனையில் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

தாழ்வாரம்

நான் ஒரு கணவர். இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் மனைவிக்கு முதல் இரண்டும் சிசேரியன். மூன்றாவதில் நஞ்சுக்கொடி கருப்பையின் கீழ்ப்பகுதியில், பழைய தழும்பின் மீதே ஊன்றி வளர்ந்துவிட்டது. பிரித்தெடுக்க வரவில்லை. கருப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று. பதினோரு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான் கையெழுத்திட்டேன். ஏழாவதுக்குப் பிறகு என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. இப்போது அவர் நலம். இரண்டாவது சிசேரியனுக்கு நாள் குறித்தபோது, "இதன் பின்னும் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லியிருப்போம்.

வெண்கோடு

தாழ்வாரம் ஐயா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது.

ஒவ்வொரு சிசேரியனும் அப்போதைய குழந்தையோடு முடிந்துவிடுவதில்லை, அடுத்த கருவுக்கும் ஒரு தழும்பை விட்டுச்செல்கிறது. நஞ்சு கீழே இறங்கி அமைந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முதல் சிசேரியனின்போது அது கருப்பைச் சுவரில் ஊன்றியிருக்கும் வாய்ப்பு 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61 என்று 2006இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. இதோடு போதும் என்று உறுதியாக இருப்பவருக்கு இரண்டாவது சிசேரியன் பெரிய சுமை ஆகாது. மூன்றோ நான்கோ வேண்டும் என்பவருக்கு இந்தக் கணக்குதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கனமானது. கார்காலம், நீங்களும் கணவரும் இதைப் பேசிவிட்டீர்களா?

கார்காலம்

பேசவில்லை. இன்று பேசுகிறோம்.

பனைநிழல்

எல்லோரும் சுகப்பிரசவத்தின் பக்கமே சாய்வதாகத் தெரிவதால் இதை எழுதுகிறேன். எனக்குச் சுகப்பிரசவம்தான் ஆனது. ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஆசனவாயின் தசைவரை கிழிந்தது. தையல் போட்டு வீட்டுக்கு வந்தபின், வாயுவைக்கூட அடக்க முடியாமல் நான்கு மாதம் யாரையும் பார்க்க வெளியே போகவில்லை. வந்தவர்களெல்லாம் "சுகப்பிரசவமா, நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம் மொழியில் இதற்குச் சுகம் என்று பெயர் வைத்தவர் பெற்றவராக இருந்திருக்க முடியாது என்று அப்போது நினைத்துக்கொள்வேன். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெருமளவு சரியாகிவிட்டது. இரண்டாவதை, என் மருத்துவரும் ஒப்புக்கொண்டு, நாள் குறித்துச் சிசேரியனாகச் செய்துகொண்டேன். அது வசதிக்காகச் செய்துகொண்டது என்று யாராவது சொன்னால் இப்போதும் கோபம் வரும்.

விளக்கொளி (பிரசவ அறைச் செவிலியர்)

பனைநிழல் அம்மா சொல்வது முழு உண்மை. இந்த அளவுக்கு ஆழமான கிழிசல் முதல் பிரசவத்தில் நூற்றுக்கு 6 பேருக்கு வருகிறது, ஆயுதம் போட்டால் இன்னும் கூடும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஆறு வாரப் பரிசோதனையில் நாங்களாகக் கேட்டால்தான் கண்ணீரோடு வெளியே வருகிறது.

கார்காலத்துக்கு, தழும்போடு முயலும்போது பிரசவ அறையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். வலி நிலைபெற்று நீங்கள் வந்தவுடன் கையில் ஊசிக்குழாய் போட்டு, அவசரத்துக்கு வேண்டிய இரத்த மாதிரியை எடுத்துவைப்போம். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிவோம். தழும்பு விட்டுக்கொடுக்கிறது என்றால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் துடிப்புதான். பெல்ட் இருக்கிறது என்பதற்காகப் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நிற்கலாம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு இடுப்பை அசைக்கலாம், உட்கார்ந்துகொள்ளலாம். முதுகில் வலி மறக்கும் ஊசியும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவிலும் விடாமல், தழும்பு உள்ள இடத்தில் ஒரு வலி நின்றுகொண்டே இருந்தால், ஊசி போட்ட பிறகும் மேலும் மேலும் மருந்து கேட்கத் தோன்றினால், உடனே சொல்லுங்கள். "எல்லோருக்கும் வலிக்கும்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டிய ஒருவர் தொடக்கம் முதல் கடைசிவரை பக்கத்திலேயே இருக்கட்டும். இடைவிடாத துணை கிடைக்கும் பெண்களுக்குச் சிசேரியன் குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நான் ஆய்வைப் படிப்பதற்கு முன்பே அறையில் பார்த்தது.

தூறல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு முதல் குழந்தை, 36 வாரம், பிட்டம் கீழே இருக்கிறது. தொப்புள் கொடியும் கழுத்தில் சுற்றியிருப்பதாக ஸ்கேனில் எழுதியிருக்கிறது. சிசேரியன்தானா?

வெண்கோடு

கொடி சுற்றியிருப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. பிட்டம் கீழே இருப்பதுதான் பேச வேண்டியது. வயிற்றின் மீது கைவைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று இந்த வாரமே கேளுங்கள். திரும்பாவிட்டால், 2000இல் வெளியான பன்னாட்டு ஆய்வுக்குப் பின் பெரும்பாலான இடங்களில் நாள் குறித்த சிசேரியனைத்தான் சொல்கிறார்கள். தனி இழை தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

கல்வெட்டு

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். மருத்துவர்களுக்கு நேரம் மிச்சம், மருத்துவமனைக்கு வருமானம். சிசேரியன் பெருகியிருப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 15 சதவீதத்துக்கு மேல் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது.

வெண்கோடு

அந்த அழுத்தங்களே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாற்பது நிமிடத்தில் முடியும் அறுவையும் பதினான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டிய பிரசவமும் களைத்துப்போன மருத்துவருக்கு ஒன்றாகத் தெரியாது. வழக்குக்கு அஞ்சுவதும் உண்டு. நானும் அதிகாலை நான்கு மணிக்கு எடுத்த சில முடிவுகளை இரண்டாம் முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 10 முதல் 15 சதவீதம் என்று 1985இல் சொன்னது ஒரு மக்கள்தொகை முழுமைக்குமான அளவு. 2015இல் அதே நிறுவனம், குறிப்பிட்ட விகிதத்தை எட்ட முயல்வதை விட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் கிடைக்கச் செய்வதே முக்கியம் என்று தெளிவுபடுத்தியது. 2021இல் அது வெளியிட்ட கணக்கின்படி உலகில் 21 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். லத்தீன் அமெரிக்காவில் 43, சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் சுமார் 5. ஓரிடத்தில் வேண்டாத வெட்டு, இன்னோரிடத்தில் வெட்டு கிடைக்காமல் சாவு. கட்டிலில் கிடக்கும் ஒரு பெண்ணிடம் போய், நீங்கள் 15 சதவீதத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்க முடியாது. "ஏன், இப்போதே ஏன், காத்திருந்தால் என்ன ஆகும்" என்று அவர் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே சட்டமாக்கியது. சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த ஒரு தாய்க்கு, குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ள 9 முதல் 10 சதவீதம் வாய்ப்பு இருந்தும் மருத்துவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று விட்டுவிட்டார். கேட்பதற்காகத்தான் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு.

கார்காலம்

பத்து நாள் கழித்து வருகிறேன். அறுவைக் குறிப்பின் நகல் வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம்தான். கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, இரண்டு அடுக்குத் தையல். குழந்தையின் முகம் மேல்நோக்கி இருந்ததாக எழுதியிருக்கிறது. இதை மூன்று ஆண்டுகளாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் இடுப்பெலும்புதான் சிறியது, என் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெண்கோடு

நல்ல செய்தி. முகம் மேல்நோக்கிக் கிடந்தால் தலையின் அகன்ற பகுதி இறங்க வேண்டியிருப்பதால் பிரசவம் இழுத்துக்கொண்டே போகும். அடுத்த குழந்தையும் அப்படித்தான் கிடக்கும் என்பதில்லை. இன்னொன்றையும் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல், 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவம் வேகமெடுக்கும் கட்டம் தொடங்குகிறது என்று கொள்கிறது. நீங்கள் 4 செ.மீ.யில் இருந்தீர்கள். உங்கள் உடம்பு தோற்றது என்று சொல்ல அங்கே எதுவுமே நடக்கவில்லை. ஆனால் இதயத்துடிப்பு இறங்கியது உண்மையான காரணம். அந்த அறையில் இருந்தவர்களை இங்கிருந்து நான் குறை சொல்ல மாட்டேன். உங்களிடம் விளக்காமல் விட்டதைத் தவிர.

கார்காலம்

எங்கள் மருத்துவருடன் முக்கால் மணி நேரம் பேசினோம். மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனது எங்களுக்கே வியப்பு. ஆகவே முயல்வது என்று முடிவு. வலி தானாக வந்தால் முயற்சி. 41 வாரம் வரை வராவிட்டால், கருப்பை வாய் கனிந்திருந்தால் மட்டும் பனிக்குடத்தை உடைத்துப் பார்ப்பது. கனியாவிட்டால் மருந்து வைக்காமல் சிசேரியன். இதைக் கோப்பிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

மணல்வீடு

வாழ்த்துகள், சகோதரி. நான் எடுத்த முடிவு வேறு என்றாலும், இப்படி யாராவது என்னோடு உட்கார்ந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவேளை அறுவையாகவே முடிந்தால் ஒரு கைமருந்து: முதல் சில நாள் இருமவோ தும்மவோ வந்தால், தலையணையை வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுங்கள்.

கார்காலம்

ஆறு வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். வலி வரவே இல்லை. 41ஆம் வாரத்தில் பரிசோதித்தபோது கருப்பை வாய் மூடியபடியே இருந்தது. எழுதிவைத்தபடி மறுநாள் காலை சிசேரியன். காலில் பனிக்கட்டியை வைத்து "சில்லென்று இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார்கள், மார்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. வலி இல்லை, ஆனால் யாரோ வயிற்றுக்குள் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவது போன்ற இழுவை மட்டும் தெரிந்தது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இது மருந்தால் வருவது, பயத்தால் அன்று என்று மயக்க மருத்துவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சில நிமிடங்களில் பெண் குழந்தையின் அழுகை கேட்டது. தையல் போட்டு முடிக்கும் வரை அவளை என் நெஞ்சின் மீதே விட்டிருந்தார்கள்.

அழுவேன் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. முதல் முறை என்னைக் கொண்டுபோனார்கள். இந்த முறை நான் போனேன். தலையணை யோசனைக்காக மணல்வீடு அக்காவுக்குத் தனி நன்றி. மூன்றாம் நாள் தும்மல் வந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கினேன். அதே கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு, பழைய தழும்பு பிரியவில்லை, சிறுநீர்ப்பையோடு லேசான ஒட்டுதல், நஞ்சு மேல்பக்கம். இரண்டு நகல்களையும் ஒரே உறையில் போட்டு, மூத்தவளின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன்.